மாசில்லாமணி உபதேசியாரின் தகப்பன் பேர்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
9 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தங்கை லிபியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அவரும் மகள் பிரீதாவும் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் காதுக்கு வைத்த புது மிஷினாவது ஒத்துக்கொள்கிறதா? போனில் எழுதினால் மருமகள் வாசித்த பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது என்றீர்கள். அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நம் கொள்ளுத்தாத்தா மாசில்லாமணி உபதேசியார் பாகலூர் சாலையில் பள்ளிக்கூடம் தொடங்கி இந்த வருடத்தோடு நூற்றைம்பது ஆண்டு ஆகிறது. டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனையில் நினைவு மலர் வெளியிடப்போகிறார்கள். இவர்தான் சபைச் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். குடும்ப வரலாற்றை எழுதும் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். பெரிய வீட்டு மகன், ஞானஸ்நானம் வாங்கியதால் சொத்தும் சுற்றமும் இழந்து, உடுத்திய வேட்டியோடு வெளியேறியவர் என்பதை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறவள்தான். ஆனால் அச்சில் வருவதற்கு ஆதாரம் வேண்டும். அவர் கைப்பட எழுதிய கறுப்பு அட்டை நோட்டு உங்களிடம் இருக்கிறதே, அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை,
லிபியா


மார்த்தாண்டம்
2 ஜூலை 2024

பிரியமுள்ள லிபியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விடவில்லை. அண்ணிக்கு எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்கிறோம். எனக்கு மிஷின் போட்டால் இரைச்சல் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

நோட்டைப் பற்றிக் கேட்டாய். அது இப்போது இல்லை. ஓகி புயல் வந்த வருடம் அலமாரியில் தண்ணீர் இறங்கி, பிறகு கறையான் பிடித்துவிட்டது. உன்னிடம் சொல்ல மனம் வராமல் இருந்துவிட்டேன். அப்பா சொன்னதையே எழுது, போதும். அதற்காக பாகலூர் பக்கம் கிராமம் கிராமமாகப் போய் விசாரித்துக்கொண்டிருக்காதே. நூற்றைம்பது வருடம் ஆனதை யார் சரியாகச் சொல்லப்போகிறார்கள்?

பிரீதா காரியத்துக்காக ஜெபிக்கிறேன். கிருஷ்ணகிரிக்காரர்கள் நல்ல மனிதர்கள் என்று தெரிகிறது. கைகூடி வரட்டும்.

மாப்பிள்ளைக்கு என் வாழ்த்து.

அன்புடன்,
பென்சன்


மூக்கண்டப்பள்ளி
10 ஜூலை 2024

அன்பான அண்ணனுக்கு,

அனைவரும் நலம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

கிருஷ்ணகிரி சம்பந்தத்தைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? பையன் சந்தோஷ் பிரீதாவின் கம்பெனியிலேயே டிசைனில் இருக்கிறான். அவன் அப்பா, எங்கள் குடும்பம் எப்படி என்று விசாரித்து முடிக்கும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். அதனால் என் கூடப் பணிபுரியும் டீச்சர்களுக்குக்கூட நான் சொல்லவில்லை. முடிவானதும் உங்களுக்கே முதலில் எழுத நினைத்திருந்தேன்.

இன்னொன்று. போன வருடம் அண்ணி இங்கே கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது, 'உங்க அண்ணன் ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா அந்தக் கறுப்பு நோட்ட எடுத்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருவாரு, கூப்பிட்டா காது கேக்காது' என்று சொல்லிச் சிரித்தார்கள். ஓகி வந்தது அதற்கு ஆறு வருடம் முன்னால். கறையான் தின்ற நோட்டையா வாசித்தீர்கள்?

நான் கிராமங்களில் விசாரிக்கப்போவதாக எழுதவே இல்லையே அண்ணா. அது உங்களுக்கு எப்படித் தோன்றியது?

கோபத்தில் எழுதவில்லை. பதில் போடுங்கள்.

லிபியா


மார்த்தாண்டம்
21 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள லிபியாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் என்று சொல்லலாம்.

அண்ணி சொன்னது அப்பாவின் பழைய பாட்டு நோட்டாக இருக்கும். இரண்டும் கறுப்பு அட்டை. சம்பந்த விஷயம் யாரோ சொல்லித்தான் காதில் விழுந்தது. காது கேட்காதவன் காதில் விழுந்தது என்று எழுதுகிறேன், பார்.

மலரில் அந்தப் பெரிய வீட்டின் ஊரையும் பேரையும் போடாதே. 'ஒரு நிலக்கிழார் குடும்பம்' என்று பொதுவாக எழுதினால் போதும். இதை மட்டும் எனக்காகச் செய்.

பென்சன்


மூக்கண்டப்பள்ளி
1 செப்டம்பர் 2024

அன்பான அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஊரும் பேரும் போட வேண்டாம் என்று நீங்கள் எழுதுவதற்கு முன்பே எல்லாம் போட்டாகிவிட்டது. 'பாகலூர் பகுதிப் பெரிய வீட்டு சென்னப்பரின் குமாரன்' என்று இவரே நோட்டீஸ் அடித்து வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பிவிட்டார். அதன் பலன் நேற்று வீட்டுக்கே வந்தது.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் சபைக்குப் போயிருந்தார். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் காரில் வந்து இறங்கினார்கள். பேர் ருக்மணி. டிரைவரிடம் கன்னடம், போனில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அந்தப் பெரிய வீட்டு சென்னப்பரின் வம்சமாம். இப்போது பசுமைக்குடில் போட்டு ரோஜா ஏற்றுமதி செய்கிறார்கள். நான் ஏதோ உறவு கொண்டாட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டீ போடப் போனேன்.

'டீ எல்லாம் வேணாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். எங்க வூட்டுப் புள்ள வேதத்துல சேந்துட்டாருன்னு நோட்டீஸ் போட்டிருக்கீங்களே, அப்பிடி யாரும் எங்க வம்சத்துல இல்லீங்க. எங்க பேர எடுத்துடுங்க' என்றார்கள்.

'குடும்பத்த விட்டுப் போனவங்க பேர உங்க பெரியவங்க சொல்லாம விட்டிருக்கலாம் இல்லீங்களா?' என்று கேட்டேன்.

வாசல் பக்கம் போன அந்த அம்மாள் திரும்பி வந்தார்கள். 'உங்களுக்கு நெசமாவே தெரியாதா? உங்க அண்ணாரு இங்க ஓசூரு கம்பெனியில இருந்தாரே, கண்ணாடி போட்டவரு. அவரு எங்க வூட்டுக்கு வந்து எங்கப்பா சென்னகிருஷ்ணன்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே போனாரு. முப்பது வருசம் இருக்கும். அவரையே கேளுங்க' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள்.

நிலத் தகராறு ஏதாவது இருக்குமோ, அதற்குத்தான் இப்போதே நம்மை உறவிலிருந்து வெட்டிவிடப் பார்க்கிறார்களோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன். 'பணக்காரங்க பேச்சு, விடு' என்றார். முகம் மட்டும் சரியாக இல்லை.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்களா அண்ணா?

லிபியா


மார்த்தாண்டம்
9 செப்டம்பர் 2024
(விரைவுத் தபால்)

லிபியா,

சுகம். அந்த அம்மாள் தனியாகத்தான் வந்தாளா? கையில் காகிதம் ஏதாவது இருந்ததா? பிரீதா வீட்டில் இருந்தாளா? கிருஷ்ணகிரிக்காரர்களை அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா என்று விசாரி. இனி வந்தால் வீட்டுக்குள் விடாதே. மலர் அச்சுக்குப் போய்விட்டதா?

நான் போனேனா இல்லையா என்பது இப்போது முக்கியம் இல்லை.

பென்சன்


மூக்கண்டப்பள்ளி
20 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகம்.

நோட்டைக் கேட்டபோது உங்கள் பதில் வர மூன்று வாரம் ஆனது. சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது ஆறு வாரம். ருக்மணி அம்மாள் வந்ததை எழுதியதும் எட்டாம் நாள் விரைவுத் தபால். அதில் ஐந்து கேள்வி இருக்கிறது, என் ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

போன சனிக்கிழமை மலருக்குப் போட்டோ தேடும்போது, இவருடைய சபை ஃபைலில் ஓர் உறையைப் பார்த்தேன். மேலே உங்கள் கையெழுத்து. வீட்டு விலாசம் இல்லை, இவர் கம்பெனி விலாசம், ஸ்டோர்ஸ் பிரிவு என்று போட்டிருந்தது. தபால் முத்திரை ஜூலை மாதம். அதற்கடியில் இன்னும் நான்கு உறைகள். நான் பிரிக்கவில்லை. எடுத்துப்போய் இவர் முன்னால் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

'இது சபை விஷயம்' என்றார்.

'சபை விஷயத்த எங்கண்ணன் எதுக்கு உங்க கம்பெனிக்கு எழுதறாரு?'

'அவருகிட்டயே கேளு.'

'அந்த அம்மாவும் அதையேதான் சொல்லிச்சு. எல்லாரும் அவர கேளுங்கிறீங்க. அவரு கறையான கேக்கச் சொல்றாரு' என்றேன்.

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அந்த ஃபைல் வீட்டில் இல்லை.

என் வீட்டில் என் கணவரும் என் அண்ணனும் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்கிற அளவுக்கு என்ன இருக்கிறது? நான் மனதில் ஏதேதோ நினைக்கிறேன். இவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதோ என்றுகூட நினைத்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் ரோஜாத் தோட்டத்துக்கு நானே போய்க் கேட்பேன்.

லிபியா


மார்த்தாண்டம்
3 நவம்பர் 2024

என் அன்பான லிபியாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். மாப்பிள்ளையைத் தப்பாக நினைக்காதே. அவருக்கு வேறு குடும்பம் இல்லை. நாங்கள் எழுதிக்கொண்டதெல்லாம் இந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

நான் ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்த காலம், 1995 ஜனவரியில் அந்த வீட்டுக்குப் போனேன். உன் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் அப்பா, 'பெரிய வீட்டு வம்சம்னு சொல்றீங்க, அவங்களோட இப்பவும் போக்குவரத்து இருக்கா?' என்று கேட்டிருந்தார். போக்குவரத்து இல்லாவிட்டாலும் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று, அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதுவரை நான் அதைப் பிரித்தது இல்லை. நம்மைத் தொட விட்டதில்லையே அப்பா.

கம்பெனி ஆபீசர் என்று நினைத்து என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. சென்னகிருஷ்ணன் மரியாதையாகத்தான் பேசினார். நான் மாசில்லாமணி பேரைச் சொன்னதும் வயதான அவருடைய அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாள் தெலுங்கில் ஏதோ சொன்னார்கள். அவர் என்னிடம் திரும்பி, 'எங்க பண்ணையில மாடு மேச்ச முனியன் மகன் மண்ணாங்கட்டின்னு ஒருத்தன் இருந்தானாம். வெள்ளக்காரத் தொரைகிட்ட போயி பேர மாத்திக்கிட்டு வாத்தியாரானானாம். நீங்க அவங்க வழியா?' என்றார். திட்டவில்லை. சும்மா கேட்டார். ஆனால் அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் குடித்த டம்ளரைப் பின்பக்கம் எறிந்த சத்தம் கேட்டது. கல்லில் பட்டு உருண்டது. அப்போது என் காது நன்றாக இருந்தது லிபியா. மறுநாள் ஷிப்டில் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றபோது இந்த இரைச்சல் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

வரும் வழியில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே அவரே எழுதியிருக்கிறார். ஒளிக்கவே இல்லை. ஒளித்தது பிறகு வந்தவர்கள். தாத்தா தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போனபோது ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்துதான் பெட்டியைப் பூட்டினார்.

அந்த வாரமே மாப்பிள்ளையை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர், 'எனக்கு லிபியா போதும். எங்கப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அவளுக்கும் வேணாம், தெரிஞ்சா எங்க வீட்ல தல குனிஞ்சே நடப்பா' என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. உன்னை யாரும் அந்த டம்ளரைப் போல் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

இப்போது பிரீதாவுக்காக மறுபடி அதையே செய்தோம். நோட்டீஸில் பேர் போட்டது மாப்பிள்ளையின் அவசரம். வேண்டாம் என்று நான் எழுதினேன். கிருஷ்ணகிரிக்காரர்கள் கண்ணில் படவேண்டும் என்று செய்துவிட்டார்.

கறையான் பொய். நோட்டைத் தனிப் பார்சலில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னை மன்னி.

உன் அண்ணன்,
பென்சன்


மூக்கண்டப்பள்ளி
14 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

பார்சல் கிடைத்தது. பாடவேளை இல்லாத நேரத்தில் ஸ்டாஃப் ரூமிலேயே பிரித்தேன். நீங்கள் முதல் பக்கம் என்று சொன்னதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டியது இது.

'நான் பாகலூருக்கு மேற்கேயுள்ள சேரியில், பண்ணையாள் முனியனுக்கும் அவன் மனைவி கெம்பிக்கும் பிறந்தவன். எஜமானுடைய பசுக்களை மேய்த்தேன். அவர் குமாரர் படித்த பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே நின்று, உள்ளே சொல்லிக்கொடுத்ததை மணலில் எழுதிப் பழகினேன். அதைக் கண்டவர்கள் என் விரலைக் கல்லால் நசுக்கினார்கள். ஆகையால் இடது கையால் எழுதுகிறேன். நான் திறந்த பள்ளிக்கூடத்துக்குச் சுவர் வைக்கவில்லை. இதை நான் ஒளித்தால் என் தகப்பனை இரண்டாந்தரம் புதைத்தவனாவேன். வருஷந்தோறும் பள்ளிக்கூடம் திறந்த நாளிலே இது சபைக்கு முன் வாசிக்கப்படுவதாக.'

சொத்தை விட்டு வெளியேறிய சீமான் என்று இருபத்தாறு வருடமாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நசுங்கின விரலைப் பற்றி ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

நான் தலை குனிந்து நடப்பேன் என்று நீங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்று முடிவு செய்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரீதாவும் வாசித்தாள். 'இதுல மறைக்க என்னம்மா இருக்கு?' என்றாள். பிறகு நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, 'சந்தோஷ் வீட்ல எப்பிடி எடுத்துக்குவாங்கன்னுதான் தெரியல' என்றாள்.

மலர் அச்சாகிவிட்டது. அதில் என் பேரில் பழைய கதை இருக்கிறது.

லிபியா


மார்த்தாண்டம்
22 நவம்பர் 2024

பிரியமுள்ள லிபியாவுக்கு,

சுகம். நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் பிரீதாவின் நிச்சயதார்த்தம் முடியட்டும். அதற்குப் பிறகு நீ எந்த மேடையில் வேண்டுமானாலும் வாசி. நூற்றைம்பது வருடம் பொறுத்தது இரண்டு மாதம் பொறுக்காதா?

பென்சன்


மூக்கண்டப்பள்ளி
8 டிசம்பர் 2024

அன்பான அண்ணனுக்கு,

உடம்பு சுகம். உங்கள் கடிதத்துக்கு வேண்டுமென்றே பதில் போடவில்லை. போட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள்.

போன ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. புயல் மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சந்தோஷும் அவன் அப்பா அம்மாவும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். இவர்தான் அழைத்திருந்தார். குடும்ப வரலாறு வாசிக்க என் பேரைச் சொன்னதும் எழுந்தேன். என் கையில் மலர் இல்லாமல் கறுப்பு நோட்டு இருப்பதைப் பார்த்து, இவர் பக்கத்தில் வந்து மெதுவாக, 'லிபியா, இன்னிக்கி வேணாம். அவங்க வந்திருக்காங்க' என்றார்.

'அவங்களுக்கும் சேத்துத்தான்' என்றேன். முன்தினமே பிரீதாவிடம் கேட்டுவிட்டேன். அவள் வாசி என்றாள். அவள் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

மலரில் என் பேரில் இருப்பது தவறு என்று முதலில் சொன்னேன். பிறகு அந்தப் பக்கத்தை வாசித்தேன். விரலை நசுக்கிய வரியில் நிறுத்தி, நோட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். பின் வரிசையில் யாரோ ஒரு பெரியவர், 'வாசிம்மா' என்றார். முனியன், கெம்பி என்ற பேர்களை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு உட்கார்ந்தேன். போதகர் கொஞ்சம் தாமதித்துத்தான் ஜெபித்தார்.

வெளியே பந்தலில் சாப்பாடு போட்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் சாப்பிடாமல் கார் பக்கம் போனார்கள். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். நானும் போனேன். சந்தோஷின் அப்பா காரில் ஏறாமல் நின்று, 'உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?' என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம் அண்ணா. என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அப்படித்தான் செய்வார் என்று நான் நினைத்தேன். இவர், 'தெரியும் சார். என் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் கட்டினேன். இவகிட்ட சொல்லாம வெச்சதுதான் நான் பண்ணின தப்பு' என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். சந்தோஷ் மட்டும் பிரீதா நின்ற திசையை ஒரு தரம் பார்த்தான். கார் போய்விட்டது.

புதன்கிழமை போன் வந்தது. பையனுக்கு வெளிநாட்டுப் பயிற்சி வந்திருக்கிறதாம், இரண்டு வருடம் ஆகுமாம். 'கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்மா' என்றாள் பிரீதா. சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு வழக்கம்போல் கிளம்பினாள். அதே கம்பெனி, அதே கேண்டீன். பயிற்சி வெறும் சாக்கு, அவனைத் தினமும் பார்க்க வேண்டும். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அதற்காக அவள் அழுவது எனக்குக் கேட்காமல் போகவில்லை.

இவர் அந்த உறைகளை எல்லாம் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். வாசித்தேன். நீங்கள் எழுதியபடிதான் இருக்கிறது. நான் சமைக்கிறேன், பேசுகிறேன், பக்கத்தில்தான் உட்கார்கிறேன். ஆனால் அவர் பீரோவைப் பூட்டும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் பார்க்கமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணியோடு வாருங்கள். நான் கேட்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போடுங்கள். நம் குடும்பத்தைப் பற்றி, அப்பாவைப் பற்றி, என்னைப் பற்றி, எனக்குத் தெரியாதது இன்னும் ஏதாவது இருக்கிறதா அண்ணா? இருந்தால் எழுதிவிடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நம்பப் பார்க்கிறேன்.

உங்கள் தங்கை,
முனியன் வழி வந்த
லிபியா